பட்டறைப் பதில்கள்: பழைய ஸ்டீயரிங் பெட்டி

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே பொருளைப் பற்றியவை. ஆகவே கார்புரேட்டர், பிரேக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, பக்கம் முழுவதையும் ஸ்டீயரிங் பெட்டிக்கே கொடுத்துவிட்டேன்.

புதிய வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. ஹாட் ராட் என்பது பழைய ஃபோர்டு போன்ற வண்டியின் உடலையும் சட்டத்தையும் வைத்துக்கொண்டு, தேவையற்ற எடையைக் கழற்றிவிட்டு, பெரிய இஞ்சினைப் பூட்டி, வீட்டுக் கொட்டகையில் சொந்தக் கையால் கட்டும் கார். 1930களில் தெற்குக் கலிபோர்னியாவின் மியூராக் போன்ற வறண்ட ஏரிப் படுகைகளில் இளைஞர்கள் இப்படிக் கட்டிய வண்டிகளை ஓட்டிப் பார்த்தார்கள். அன்று முதல் இன்று வரை இந்த வண்டிகளின் ஸ்டீயரிங் பெட்டி, அதாவது ஸ்டீயரிங்கின் சுற்றைச் சக்கரங்களைத் திருப்பும் அசைவாக மாற்றும் கியர் பெட்டி, பெரும்பாலும் வேறொரு வண்டியிலிருந்துதான் வருகிறது. நான் கோவையில் லேத் பட்டறையில் கை பழகியவன். லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில் இருபத்தெட்டு ஆண்டுகளாக இந்தப் பெட்டிகளைத்தான் திறந்து மூடிக்கொண்டிருக்கிறேன். கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

*

நான் 1929 ஃபோர்டு மாடல் ஏ ரோட்ஸ்டர் (திறந்த கார்) கட்டுகிறேன். பொமோனா பழம்பொருள் சந்தையில் 1950 ஃபோர்டு எஃப்-1 பிக்கப்பின் ஸ்டீயரிங் பெட்டி கிடைத்தது. பூட்டிப் பார்த்தால் ஸ்டீயரிங் விளிம்பில், சக்கரம் திரும்பாமலே, இரண்டு அங்குலம் ஆட்டம். பெட்டியின் பக்கத்தில் இருக்கும் திருகை இறுக்கினால் சரியாகிவிடும் என்று நண்பர் சொல்கிறார். செய்யலாமா? – வாசகர், சான் ஹோசே

திருகை இப்போது தொடாதீர்கள். முதலில் அந்த இரண்டு அங்குலமும் பெட்டிக்குள்தான் இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டில் ஒருவரை உட்காரவைத்து ஸ்டீயரிங்கை இடமும் வலமும் மெல்ல ஆட்டச் சொல்லுங்கள். டயர் தரையில் இருக்கட்டும். நீங்கள் கீழே படுத்து, தண்டில் தொடங்கி பிட்மேன் ஆர்ம் (பெட்டியிலிருந்து வெளியே வரும் கை), டிராக் லிங்க்கின் (அந்தக் கையைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பி) இரண்டு முனைகள், டை ராடு (இரண்டு முன்சக்கரங்களையும் இணைக்கும் கம்பி) முனைகள், கிங்பின் (சக்கரம் திரும்பும் அச்சாணி) என்று வரிசையாக ஒவ்வொன்றின் மேலும் விரல் வைத்துப் பாருங்கள். எந்த இடத்தில் ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் அசையவில்லையோ, ஆட்டம் அங்கே இருக்கிறது. என்னிடம் 'பெட்டி போய்விட்டது' என்று வரும் வண்டிகள் பலவற்றில் பாதி ஆட்டம் டிராக் லிங்க் முனையில்தான் இருக்கும்.

பெட்டியில்தான் ஆட்டம் என்று தெரிந்தால், கழற்றி வைஸில் பிடியுங்கள். எஃப்-1 பெட்டி வார்ம், ரோலர் வகை. தண்டின் அடியில் திருகுபோல் வார்ம். அதன் பள்ளத்தில் செக்டர் தண்டின் (பிட்மேன் ஆர்மைத் திருப்பும் குறுக்குத் தண்டு) தலையில் உள்ள ரோலர் ஓடுகிறது. இதைச் செய்தவர்கள், வார்மின் நடுவில் பிடிப்பு சற்று இறுக்கமாகவும் இரண்டு ஓரங்களில் சற்றுத் தளர்வாகவும் இருக்கும்படி கடைந்திருக்கிறார்கள். நேர்ச்சாலையில் ஆட்டம் கூடாது, வளைவில் கொஞ்சம் இருந்தால் பாதகமில்லை என்பதற்காக. ஆனால் வண்டி ஐம்பது ஆண்டுகள் ஓடியதில் பெரும்பகுதி நேராகத்தான் ஓடியிருக்கும். ஆகவே நடுப்பகுதிதான் தேய்கிறது.

இப்போது நண்பர் சொன்னபடி திருகை இறுக்கினால் என்ன ஆகும்? தேய்ந்த நடுவில் ஆட்டம் போய்விடும். தேயாத ஓரத்தில் ரோலர் வார்மைக் கவ்விப் பிடிக்கும். வளைவில் திருப்பிவிட்டுக் கையை விட்டால் ஸ்டீயரிங் தானாக நேருக்குத் திரும்பாது. அப்படி ஒரு வண்டியை ஓட்டிப் பார்த்திருக்கிறேன். சாலை நேரான பிறகும் கார் வளைந்துகொண்டே போக, இரண்டு கையாலும் இழுத்துத் திருப்பினேன். நினைத்தால் இன்றும் உள்ளங்கை வியர்க்கிறது.

ஒரு முனையிலிருந்து மறு முனைவரை மெல்லத் திருப்பிச் சுற்றுகளை எண்ணுங்கள். முனையில் மோதவிடாதீர்கள். மொத்தத்தில் பாதி எதுவோ அதுவே பெட்டியின் உண்மையான நடு. சாக்பீஸால் குறி போடுங்கள். இந்தக் குறியும் முன்சக்கரங்களின் நேர்நிலையும் ஒன்றாக அமைய வேண்டும். டிராக் லிங்க் நீளத்தை அதற்கேற்ப மாற்றுங்கள்; ஸ்டீயரிங்கின் கம்பி அழகாக நிற்கவேண்டும் என்பதற்காகப் பெட்டியை நடுவிலிருந்து விலக்காதீர்கள். விலக்கிவிட்டால் நேராக ஓடும்போது தளர்ந்த ஓரத்தில் ஓடும். எவ்வளவு சரிசெய்தாலும் ஆட்டம் போகாது.

அடுத்து, திறவுங்கள். போன மாதம் ஒரு 1951 பெட்டியைத் திறந்தேன். பழைய கிரீஸ் பானையில் இறுகிய புளிபோல் சுவரோடு ஒட்டிக்கிடந்தது; வார்ம் இருந்த இடத்தில் மட்டும் துளிகூட இல்லை. அடியில் ஒரு கரண்டி தண்ணீர். மண்ணெண்ணெயில் கழுவி வெளிச்சத்தில் பிடித்தபோது ரோலர் பளபளவென்றுதான் இருந்தது. நகத்தை அதன் முகத்தில் மெல்ல இழுத்தேன். ஓரிடத்தில் நகம் இடறியது. பூதக்கண்ணாடியில் பார்த்தால் எள்ளளவு ஒரு குழி, அதன் விளிம்பில் மேல்தோல் உரியத் தொடங்கியிருந்தது. எஃகின் கடினத்தோல் உரிய ஆரம்பித்தால் நிற்காது. அந்தச் செக்டரை ஒதுக்கிவைத்துவிட்டு வேறொன்றைத் தேடினோம்.

நீங்கள் பார்க்க வேண்டியவை: வார்மின் நடுப் பள்ளத்தில் தழும்பு, ரோலரில் குழி, ரோலர் தன் ஊசி பேரிங்கில் ஆடுகிறதா, செக்டர் தண்டு புஷ்ஷுக்குள் மேலும் கீழும் ஆடுகிறதா, வார்ப்பிரும்புக் கூட்டில் போல்ட் காதுகளைச் சுற்றி விரிசல் இருக்கிறதா. புஷ், பேரிங், சீல் எல்லாம் இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன, தயங்காமல் மாற்றுங்கள். வார்மும் ரோலரும் நன்றாக இருந்தால் அந்தப் பெட்டி இன்னொரு ஐம்பது ஆண்டுக்கு வரும்.

பூட்டும்போது வரிசை முக்கியம். முதலில் வார்ம் பேரிங்கின் இறுக்கம், அதாவது மூடியின் கீழ் இருக்கும் மெல்லிய ஷிம் தகடுகளைக் குறைத்துக் கூட்டுவது. பிறகுதான் பக்கத்துத் திருகு. அதையும் பிட்மேன் ஆர்ம் இல்லாமல், சாக்பீஸ் குறியில் நிறுத்தித்தான் வைக்க வேண்டும். ஸ்டீயரிங் விளிம்பில் நூலைக் கட்டி, மீன் நிறுக்கும் ஸ்பிரிங் தராசால் இழுத்து, நடுவைக் கடக்க எவ்வளவு இழுப்பு தேவைப்படுகிறது என்று பார்ப்பது பழைய முறை. உங்கள் பெட்டிக்கான எண் அந்தக் காலத்துப் பட்டறைக் கையேட்டில் இருக்கும். அதற்கு மேல் ஒரு இம்மிகூட இறுக்காதீர்கள்.

*

பழைய பெட்டிக்கு எந்த கிரீஸ்? – வாசகர், டாலஸ்

சக்கர பேரிங்குக்குப் போடும் கெட்டி கிரீஸ் வேண்டாம். வார்ம் ஒருமுறை அதைத் தள்ளிவிட்டால் அது சுவரோடு நின்றுவிடும், திரும்பி வராது. மேலே சொன்ன 1951 பெட்டியில் நடந்தது அதுதான். கியர் ஆயில் திரும்பி வரும். ஆனால் பழைய கூட்டில் சீல் வழியாகச் சொட்டும். இரண்டுக்கும் இடைப்பட்ட கூழ்பதத்தில் ஒன்று இருக்கிறது: மக்காச்சோள அறுவடை இயந்திரத்தின் கியர் பெட்டிக்காக ஜான் டியர் விற்கும் கிரீஸ். அசையாதபோது நிற்கும், அசைத்தால் இளகி வழிந்து மறுபடி பல்லுக்கு வரும். விவசாயச் சாமான் கடையில் குழாயாகக் கிடைக்கிறது. நான் வேறு எதையும் போடுவதில்லை.

*

பாதி கட்டிய டி-பக்கெட் (ஃபோர்டு மாடல் டி உடலில் கட்டும் திறந்த ஹாட் ராட்) ஒன்றை வாங்கினேன். கார்வெயர் ஸ்டீயரிங் பெட்டி போட்டிருக்கிறது. வலப்பக்கம் திருப்பினால் சக்கரம் இடப்பக்கம் போகிறது! பெட்டியைத் தலைகீழாகப் பூட்டிவிட்டார்களா? – வாசகர், ஃபீனிக்ஸ்

பெட்டியில் பழுதில்லை, அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. ஷெவர்லே கார்வெயர் (1960 முதல் 1969 வரையிலான மாடல்கள்) இஞ்சினைப் பின்னால் வைத்த கார். அதன் ஸ்டீயரிங் அமைப்புக்குப் பொருந்தும்படி செய்த பெட்டியை, டி-பக்கெட்டின் பக்கச் சட்டத்தில் நிறுத்தி, பிட்மேன் ஆர்மைத் தொங்கவிட்டு, டிராக் லிங்க்கை முன்னோக்கி ஓட்டினால் திசை மாறிவிடுகிறது. எடை குறைவு, அளவு சிறிது என்பதால் அந்தக் காலத்தில் பலரும் இதை விரும்பினார்கள். திசையை மாற்றித்தான் பயன்படுத்தினார்கள். உங்களுக்கு விற்றவர் அந்தப் படியைத் தாண்டிவிட்டார்.

சரியான வழி, பெட்டிக்குள் வார்மை முனைமாற்றிப் போடுவது. தண்டு இப்போது வெளியே வரும் முனையை மூடி, எதிர் முனையில் துளை கடைந்து, தண்டை அந்தப் பக்கம் கொண்டுவர வேண்டும். வார்மின் மரை அதேதான். ஆனால் ஓட்டுநர் எதிர்ப்பக்கத்திலிருந்து சுற்றுவதால் வார்மின் மேல் ஓடும் நட்டு எதிர்த்திசையில் நகர்கிறது. துளை அச்சுக் கோட்டிலிருந்து மயிரிழை விலகினாலும் பேரிங் தின்றுபோகும். நல்ல போரிங் மிஷின் இருக்கும் பட்டறையில் கொடுங்கள், அல்லது ஏற்கெனவே திசை மாற்றி விற்கும் பெட்டியை வாங்குங்கள்.

ஆர்மைக் கீழே தொங்கவிடுவதற்குப் பதில் மேல்நோக்கி நிறுத்தினாலும் திசை மாறும். இது கணக்குப்படி சரி. ஆனால் டிராக் லிங்க்கின் பின்முனை அவ்வளவு உயரத்துக்குப் போனால், குழியில் ஆக்சில் ஏறி இறங்கும்போது லிங்க் சக்கரத்தைத் தானே திருப்பும். ஒன்றைச் சரிசெய்யப் போய் இன்னொன்றைக் கெடுத்துக்கொள்வீர்கள்.

எந்தப் பெட்டியானாலும், ஒரு பிராக்கெட் வெட்டுவதற்கு முன் அதைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, மரச்சட்டத்தில் ஒரு டிராக் லிங்க் செய்து மாட்டித் திருப்பிப் பாருங்கள். பத்து நிமிட வேலை. சரியாகும்வரை இந்த வண்டியை முற்றத்தில்கூட ஓட்டாதீர்கள். ஆபத்து நேரத்தில் கை பழக்கத்தைத்தான் கேட்கும், புத்தியைக் கேட்காது.

*

1930 மாடல் ஏ, முன்னால் நேர் ஆக்சில், குறுக்கு லீஃப் ஸ்பிரிங். வேகா பெட்டி போட்டு, டிராக் லிங்க்கைக் குறுக்கே வலச் சக்கரத்துக்குக் கொண்டுபோயிருக்கிறேன். பெட்டி புதுப்பித்தது, ஆட்டமே இல்லை. ஆனால் தண்டவாளத்தைக் கடக்கும்போதெல்லாம் வண்டி ஒரு பக்கம் வெட்டுகிறது. – வாசகர், மிச்சிகன்

நல்ல பெட்டியைப் போட்டிருக்கிறீர்கள். ஷெவர்லே வேகா 1971 முதல் 1977 வரை வந்தது. அதன் பெட்டி சிறியது; செக்டர் தண்டு கீழ்நோக்கி வருவதால், சட்டத்துக்குள்ளே நிறுத்திக் குறுக்கே லிங்க் ஓட்ட இதைப்போல் வசதியானது குறைவு. ஃபோர்டே 1934 வரை டிராக் லிங்க்கை முன்பின்னாக வைத்துவிட்டு, 1935இல் குறுக்கு அமைப்புக்கு மாறியது. ஆகவே உங்கள் யோசனையில் குறையில்லை. குறை வேறிடத்தில் இருக்கிறது.

குறுக்கு ஸ்பிரிங் இரண்டு முனையிலும் ஷாக்கிள் என்ற ஆடும் இணைப்பில் தொங்குகிறது. ஊஞ்சல் போலத்தான். சட்டம் அந்த ஊஞ்சலில் இடம் வலமாக ஆட முடியும். பெட்டி சட்டத்தில் இருக்கிறது. சக்கரம் ஆக்சிலில் இருக்கிறது. இரண்டையும் குறுக்கே இணைப்பது டிராக் லிங்க். சட்டம் அரை அங்குலம் இடப்பக்கம் ஆடினால் லிங்க்கும் அரை அங்குலம் இழுக்கும். நீங்கள் ஸ்டீயரிங்கைத் தொடவேயில்லை, ஆனால் சக்கரம் திரும்பிவிட்டது. முன்பின் லிங்க்கில் இந்தத் தொல்லை அவ்வளவாகத் தெரியாது. குறுக்கு லிங்க்கில் பளிச்சென்று தெரியும்.

மருந்து, பான்ஹார்டு கம்பி. சட்டத்தையும் ஆக்சிலையும் குறுக்கே பிணைத்து அந்த ஊஞ்சலாட்டத்தை நிறுத்தும் கம்பி. சும்மா ஒரு கம்பி போட்டால் போதாது. பெட்டி இருக்கும் பக்கத்துச் சட்டத்தில் அதன் ஒரு முனை, எதிர்ப்பக்கத்தில் ஆக்சிலில் மறு முனை. டிராக் லிங்க் அளவு நீளம். வண்டி தன் எடையில் நிற்கும்போது லிங்க்குக்கு இணையாக. அப்போது ஆக்சில் ஏறி இறங்கும்போது இரண்டும் ஒரே அளவு வட்டத்தின் வில்லில் நகரும். ஒன்றை ஒன்று இழுக்காது. சிலர் அழகுக்காகக் குட்டைக் கம்பி போடுகிறார்கள். குட்டைக் கம்பி சின்ன வட்டம் போடும், லிங்க் பெரிய வட்டம் போடும், தண்டவாளத்தில் வெட்டு அப்படியே இருக்கும்.

போட்ட பிறகு சோதியுங்கள். சட்டத்தைத் தாங்கிகளில் நிறுத்தி, ஸ்பிரிங்கைக் கழற்றி, ஆக்சிலை ஜாக்கில் வையுங்கள். ஸ்டீயரிங்கைக் கயிற்றால் கட்டிவிடுங்கள். பிரேக் டிரம்மில் ஒரு நீளமான நேர்ப்பட்டையை இறுக்கி, அதன் முனை தரையில் எங்கே விழுகிறது என்று குறியுங்கள். ஆக்சிலை இரண்டு அங்குலம் ஏற்றி, இரண்டு அங்குலம் இறக்கி, அந்த முனை எவ்வளவு நகர்கிறது என்று பாருங்கள். நகர்ந்தால் கம்பியின் முனை உயரத்தை மாற்றி மறுபடி பாருங்கள்.

இன்னொன்று. உங்கள் கடிதத்தோடு வந்த படத்தில் பெட்டியின் பிராக்கெட் சட்டத்தின் வெறும் பட்டையில் போல்ட் போட்டிருப்பதுபோல் தெரிகிறது. மாடல் ஏ சட்டம் 'ப' வடிவில் மடித்த தகடு. பெட்டி நிற்கும் இடத்தில் திறந்த பக்கத்தைத் தகடு வைத்து மூடிப் பெட்டிபோல் ஆக்க வேண்டும். போல்ட் போகும் இடத்தில் உள்ளே குழாய்த்துண்டு வைக்க வேண்டும். நின்ற வண்டியில் ஒருவர் திருப்ப, நீங்கள் பெட்டியின் மேல் கை வைத்துப் பாருங்கள். பெட்டி மூச்சு விடுவதுபோல் அசைந்தால் சட்டம் முறுகுகிறது என்று பொருள்.

*

16க்கு 1 என்று பெட்டியில் போட்டிருக்கிறது. அப்படியென்றால் எனக்கு எத்தனை சுற்று வரும்? ரொம்பக் கனக்குமா? – வாசகர், டொராண்டோ

பெட்டியின் விகிதம் (ஸ்டீயரிங் 16 பாகை சுற்றினால் பிட்மேன் ஆர்ம் 1 பாகை நகரும் என்பது) பாதிக் கணக்குதான். சக்கரத்துக் கையின் (முன்சக்கரத்தில் டிராக் லிங்க் பிடிக்கும் கை) நீளத்தைப் பிட்மேன் ஆர்ம் நீளத்தால் வகுத்து, அதைப் பெட்டியின் விகிதத்தால் பெருக்குங்கள். சக்கரத்துக் கை 6 அங்குலம், பிட்மேன் ஆர்ம் 5½ அங்குலம் என்றால், ஏறத்தாழ 17½க்கு 1. சக்கரம் மொத்தம் 70 பாகை திரும்பினால் ஸ்டீயரிங் 3.4 சுற்று. ஓட்ட இதமாக இருக்கும்.

ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்கிறேன்: மாடல் ஏயின் முதல் ஏழுபல் பெட்டி 11¼க்கு 1, பின்னால் வந்த இரண்டுபல் பெட்டி 13க்கு 1. அன்றைய ஒல்லி டயருக்கும் பெரிய ஸ்டீயரிங் சக்கரத்துக்கும் அது போதும். அகலமான ரேடியல் டயரும் 13 அங்குல ஸ்டீயரிங்கும் போட்டுவிட்டு அதே பெட்டியை வைத்தால், வண்டி நிறுத்துமிடத்தில் தோள் வலிக்கும். முதலில் பெரிய ஸ்டீயரிங் சக்கரத்தைப் போடுங்கள். 15, 16 அங்குலம். அதற்கப்புறம்தான் ஆர்ம் நீளத்தைக் குறைப்பதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

*

பிட்மேன் ஆர்ம் ஒன்றரை அங்குலம் நீளமாக இருக்கிறது. என் மைத்துனர் குழாய்த்தொழிற்சாலையில் தேர்ந்த வெல்டர். வெட்டி ஒட்டித் தருகிறேன் என்கிறார். அவர் கைவேலை மேல் எனக்கு முழு நம்பிக்கை. – வாசகர், சிகாகோ

உங்கள் மைத்துனரின் கைவேலை மேல் எனக்கும் ஐயமில்லை. ஆனாலும் வேண்டாம்.

பிட்மேன் ஆர்ம் அடித்து உருவாக்கிய எஃகு. அதன் பிறகு சூடேற்றித் தணித்துப் பதப்படுத்தியது. வெல்டிங் எவ்வளவு அழகாக இருந்தாலும், ஒட்டுக்குப் பக்கத்தில் ஒரு விரல் அகலத்துக்கு அந்தப் பதம் போய்விடுகிறது. சில இடத்தில் மெத்தென்று, சில இடத்தில் கண்ணாடிபோல். வெளியே எதுவும் தெரியாது. சூடேற்றி வளைப்பதும் அதேதான்.

வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு வண்டி வந்தது. வெட்டி ஒட்டிய ஆர்ம், அரம் போட்டு, வண்ணம் பூசி, ஒட்டு எங்கே என்றே தெரியாதபடி. வேறு வேலைக்காக வந்த வண்டி. நான் அதை நகர்த்தி நிறுத்தச் சுவரோரம் ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பினேன். சுள்ளி முறிவதுபோல் ஒரு சத்தம். ஸ்டீயரிங் கையில் காற்றாடிபோல் சுற்றியது. கீழே குனிந்து பார்த்தேன். முறிந்த முகத்தில் பாதி துருவேறிப் பழுப்பாக இருந்தது. மறுபாதி புதுச்சாம்பல் நிறம். பழுப்பாக இருந்த பாதி எப்போதோ விரிந்துவிட்டது. அந்த மனிதர் அதற்கு முந்தைய நாள் குழந்தைகளோடு நெடுஞ்சாலையில் வந்திருந்தார். அந்த ஆர்மை இன்றும் என் மேசைமேல் வைத்திருக்கிறேன்.

வழி இல்லாமல் இல்லை. ஒரே ஸ்பிளைனில் (தண்டின் முனையில் வெட்டிய பல்வரிசை) பல நீளங்களில் ஆர்ம்கள் கிடைக்கின்றன. பெட்டியைப் பூட்டுவதற்கு முன்பே ஆர்மைத் தேடிக்கொள்ளுங்கள். டை ராடு முனையின் சாய்வு பொருந்தவில்லை என்றால் சாய்வு ரீமரால் சரிசெய்யலாம். அது வெட்டும் வேலை, சூடு இல்லை. காயலான் கடையில் எடுத்த எந்த ஆர்மையும் காந்தப்பொடி விரிசல் சோதனைக்கு அனுப்புங்கள். இஞ்சின் பட்டறைகளில் செய்வார்கள். மைத்துனரைச் சட்டத்தை மூடும் தகடுகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அந்த வேலைக்கு அவர்தான் வேண்டும்.

*

யூனிவர்சல் ஜாயின்ட் (இரண்டு தண்டுகளைக் கோணத்தில் இணைக்கும் மூட்டு) பெட்டியின் தண்டில் ஏறுகிறது, ஆனால் கடைசிக் கால் அங்குலத்துக்குச் சுத்தியல் தேவைப்படுகிறது. – வாசகர், நியூ ஜெர்சி

நிறுத்துங்கள். முக்கால் அங்குலத் தண்டில் 30 பல்லும் உண்டு, 36 பல்லும் உண்டு. தள்ளி நின்று பார்த்தால் இரண்டும் ஒன்றே. ஒரு பல்லில் சாக்பீஸ் குறி வைத்து, ஊசி முனையால் ஒவ்வொன்றாக எண்ணுங்கள். இரண்டு முறை எண்ணுங்கள். ஜாயின்ட்டையும் எண்ணுங்கள். பொருந்தியது கையால் வழுக்கி ஏறும்.

*

என் கணவரும் பதினேழு வயது மகனும் சேர்ந்து வண்டி கட்டுகிறார்கள். 1965 மஸ்டாங்கின் ஸ்டீயரிங் பெட்டி வாங்கியிருக்கிறார்கள். ஒரே நீளத் தண்டு, நேராக ஸ்டீயரிங் வரை வருகிறது. 'இணைப்பே இல்லை, அதனால் பலம்' என்கிறார்கள். எனக்கு என்னவோ மனசு ஒப்பவில்லை. – வாசகி, ஃப்ரீமாண்ட்

அம்மா, உங்கள் மனசு சொல்வது சரி. இந்தக் கடிதத்தை அவர்கள் இருவருக்கும் படித்துக் காட்டுங்கள்.

அந்தப் பெட்டி நல்ல பெட்டி. ஆனால் அந்தத் தண்டு, வார்மிலிருந்து ஓட்டுநரின் மார்புவரை நீளும் ஒரே எஃகுக் கம்பி. ஹாட் ராடில் பெட்டி வண்டியின் முன்பகுதியில் இருக்கும், முன்னால் பம்பர்கூட இருக்காது. மோதினால் பெட்டி பின்னுக்கு வரும். பெட்டி வந்தால் தண்டும் ஈட்டியாக வரும். இதற்காகத்தான் அமெரிக்காவில் 1968 ஜனவரி 1 முதல் கார்களுக்கு விதி வந்தது: மணிக்கு 30 மைல் வேகத்தில் சுவரில் மோதினால் ஸ்டீயரிங் தண்டு பின்னோக்கி 5 அங்குலத்துக்கு மேல் வரக்கூடாது. உங்கள் வீட்டில் இருப்பது அந்த விதிக்கு முந்தைய பெட்டி.

பெட்டியைத் தூக்கி எறிய வேண்டாம். தண்டைப் பெட்டிக்கு அருகே வெட்டி, முனையை இருபுறம் தட்டையாகவோ ஸ்பிளைனாகவோ மிஷினில் கடையலாம். அதன்மேல் யூனிவர்சல் ஜாயின்ட். இதையும் வெல்டிங் இல்லாமல் செய்ய வேண்டும். மேலே 1968க்குப் பிந்தைய காரின் மடங்கும் ஸ்டீயரிங் கம்பத்தைப் போடுங்கள். பெட்டியும் கம்பமும் ஒரே நேர்கோட்டில் இல்லாமல், இரண்டு ஜாயின்ட்டுகளோடு நடுவில் ஒரு கோணம் வரும்படி அமைத்தால் மோதலில் தண்டு மடிந்து ஒதுங்கும். ஒவ்வொரு ஜாயின்ட்டிலும் கோணம் 30 பாகையைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளட்டும். நடுத்தண்டின் இரு முனைக் கவைகளும் ஒரே தளத்தில் நிற்க வேண்டும். மாறி நின்றால் ஸ்டீயரிங் ஒரு சுற்றில் இரண்டு முறை கனத்து இரண்டு முறை இலேசாகும். மூன்று ஜாயின்ட் தேவைப்பட்டால் நடுவில் தாங்கு பேரிங் கட்டாயம். இல்லையென்றால் தண்டு கயிறு சுழற்றுவதுபோல் ஆடும். ஜாயின்ட்டைப் பிடிக்கும் திருகு உட்காரும் இடத்தில் தண்டில் சிறு குழி போட்டு, திருகின் மேல் லாக் நட்டும் போடச் சொல்லுங்கள்.

கடைசியாக உங்கள் மகனுக்கு ஒரு வேலை. முன்சக்கரங்களை ஜாக்கில் தூக்கி, ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் மெல்ல முழுவதும் திருப்பட்டும். ஆக்சிலில் இருக்கும் நிறுத்தத்தில் சக்கரத்துக் கை 'டக்' என்று தொட வேண்டும். தொட்ட நிலையில் தம்பி கீழே போய் டிராக் லிங்க்கைப் பிட்மேன் ஆர்மிலிருந்து கழற்றி, ஸ்டீயரிங்கை அதே பக்கம் இன்னும் மெல்லத் திருப்பிப் பார்க்கட்டும். பெட்டிக்குள் கால் சுற்றாவது மீதம் இருக்க வேண்டும். மீதமே இல்லை என்றால் திருப்பத்தைத் தடுத்து நிறுத்துவது ஆக்சிலின் நிறுத்தம் அல்ல, பெட்டிக்குள் வார்முக்கும் நட்டுக்கும் நடுவில் ஓடும் எஃகுக் குண்டுகளும் அவற்றின் வழிகாட்டிக் குழாயும்தான். அந்தக் குழாய் மெல்லிய தகடு. நிறுத்தத்தை நீட்டிவிட்டு, மறுபக்கமும் இதேபோல் பார்த்து, இரண்டு அளவையும் எனக்கு எழுதச் சொல்லுங்கள்.